தம்பலகாமத் தரவையில் கண்ட சின்ன அந்து, என்ன இனம்?

அண்ணாமார், அக்காமார், வணக்கம். திருகோணமலை, தம்பலகாமத்தில வயலுக்குப் பக்கத்துத் தரவைப் (திறந்த புல்வெளி) புல்லுக்குள்ள ரெண்டு நாளாப் பின்னேரத்தில ஒரு சின்ன அந்துப்பூச்சியைப் பாக்கிறன். நீளம் 1 சென்ரிமீற்றர் வரும். வைக்கோல் நிறம், முன்சிறகில நீளவாக்கில ஒரு வெள்ளிக்கோடு. கால் பட்டால் கொஞ்சத் தூரம் பறந்து திரும்பப் புல்லிலயே ஒட்டிக்கொள்ளுது. இருக்கேக்க சிறகை உடம்போட சுருட்டி, காய்ஞ்ச புல்லுத் துண்டு மாதிரியே கிடக்கும். தலைக்கு முன்னால மூக்குப் போல ஒரு நீட்டு. அவ்வளவு வடிவு!

மாமா இது நெல்லு இலையைச் சுருட்டுற அந்து, இலைச்சுருட்டி எண்டார். ஆனா இலைச்சுருட்டிக்குச் சிறகின் குறுக்கால கறுத்தக் கோடுகள், நடுக்கோடு பாதியிலயே நிண்டுபோகும். இதில அது இல்லை. நெல்லுத் தண்டைத் துளைக்கிற அந்தான மஞ்சள் தண்டுதுளைப்பான் பெட்டைக்குரிய கறுப்புப் புள்ளியும் இல்லை. கிராம்பினே எண்ட புல் அந்துக் கூட்டம் எண்டுதான் நினைக்கிறன்.

சில இனங்களை இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியில பாத்துத்தான் பிரிக்கலாமாம். கொல்ல எனக்கு மனமில்லை. எந்தக் கோணத்தில படம் எடுத்தால் பேரினமாவது (genus) சொல்லுவியள்? பின்சிறகா, முகமா? மாரி தொடங்கினால் தரவையில வெள்ளம் நிண்டிடும், அதுக்குள்ள எடுக்கவேணும்.