கொழிஞ்சாம்பாறை குடும்பம்: வாட்ஸ்அப் குழு

பெரியப்பா: பாப்பாவுக்கு செமஸ்டர் ஃபீஸ் 1,500 யூரோ முழுசாக பேங்கில் கட்டினேன். யுனிவர்சிட்டிக்கு 1,478 தான் போயிருக்கிறதாம். மீதி எங்கே போச்சு?

பாப்பா (ஸ்டுட்கார்ட்): ஆமாம்ப்பா, பாக்கி 22 கட்டச் சொல்லி மெயில் வந்திருக்கு.

மாமா: வேலந்தாவளத்தில் ஒருத்தர் சார்ஜே இல்லாமல் அனுப்புகிறாராம். கேட்கட்டுமா?

அண்ணி: வேண்டவே வேண்டாம் மாமா! அது குழல்பணம், பேங்கைத் தொடாமல் கள்ளத்தனமாகப் பணம் அனுப்புவது. மாட்டினால் ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம். நாளைக்கு பாப்பாவிடம் கணக்கு கேட்டால் அவள் எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்?

மாமா: சரி சரி. அப்போ யுபிஐ? சிங்கப்பூர் தம்பிக்கு அப்படித்தானே போகிறது.

அண்ணி: அது நம்ம யுபிஐயை சிங்கப்பூரின் பேநவ் என்கிற பணம் அனுப்பும் முறையோடு 2023 பிப்ரவரியில் இணைத்த வழி. நாளுக்கு 60,000 ரூபாய் வரைக்கும்தான். ஜெர்மனிக்கு ஸ்விஃப்ட்தான், பேங்குகள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொள்ளும் வலை.

அண்ணி: பெரியப்பா, ஸ்விஃப்டில் போவது பணம் இல்லை, 'இவருக்கு இவ்வளவு கொடு' என்கிற செய்தி. நம்ம பேங்குக்கும் அந்த பேங்குக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால் நடுவில் இன்னொரு பேங்க் வரும். அது தன் கூலியை அந்தப் பணத்திலேயே பிடித்துக்கொள்ளும். ஃபாரத்தில் சார்ஜ் யாருக்கு என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் எஸ்-ஹெச்-ஏ, அதாவது சார்ஜை இரண்டு பக்கமும் பகிர்வது என்று போட்டிருப்பார்கள். ஃபீஸுக்கு ஓ-யு-ஆர் போடச் சொல்லுங்கள். நடுவில் ஆகும் சார்ஜையும் இங்கேயே நம்மிடம் வாங்கிக்கொள்வார்கள், அங்கே தொகை குறையாது. கவுன்டரில் இதை யாருமே எடுத்துச் சொல்வதில்லை, எனக்கு அதுதான் ஆத்திரம்.

பெரியப்பா: என்னிடமும் கேட்கவில்லை. கையெழுத்து மட்டும் வாங்கினார்கள்.

அண்ணி: பேங்கில் ஸ்விஃப்ட் காப்பி, அதாவது அந்தச் செய்தியின் நகல், கேட்டு வாங்குங்கள். அதில் சார்ஜ் யாருக்கு என்று இருக்கும். யூஇடிஆர் என்று 36 எழுத்தில் ஒரு எண்ணும் உண்டு, பணம் எந்த பேங்கில் நிற்கிறது என்று அதை வைத்துத் தேடலாம்.

பெரியப்பா: அந்த 22 யூரோவை நாளைக்கே ஓ-யு-ஆரில் அனுப்பிவிடவா?

அண்ணி: அதற்கு ஆகும் சார்ஜ் 22 யூரோவைத் தாண்டிவிடும்! பாப்பா தன் ஜெர்மன் கணக்கிலிருந்தே கட்டட்டும். அடுத்த மாதச் செலவோடு சேர்த்து அவளுக்கு அனுப்புங்கள். பாப்பா, யுனிவர்சிட்டியின் ஐபேன், அதாவது அவர்கள் பேங்க் கணக்கு எண், டிஇ என்று தொடங்கி 22 இடம் வருகிறதா பார். குறிப்பில் உன் மாணவர் எண்ணைப் போடு, இல்லையென்றால் யார் கட்டியது என்று அவர்களுக்குத் தெரியாது.

பாப்பா (ஸ்டுட்கார்ட்): போட்டுட்டேன் அண்ணி. ஸ்க்ரீன்ஷாட் அனுப்புறேன்.