நத்தைகுத்தி நாரையை நேரில் பார்த்துப் பேனாவில் வரைந்த அனுபவம்

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் ஜனவரி மாதக் காலைகளில் அமர்ந்து பறவைகளை மையால் வரைவது எனக்குச் சில ஆண்டுகளாக வழக்கம். கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எனப் பலவும் நீரில் நிற்கும் மரங்களில் கூடு கட்டியிருந்தாலும், என் கண் முதலில் தேடுவது நத்தைகுத்தி நாரையைத்தான். அதன் உடல் வெண்சாம்பலாக இருப்பதால், தாளின் வெண்மையை உடலாக விட்டுவிட்டு இறக்கையிலும் வாலிலும் உள்ள கறுப்பை மட்டும் நிரப்பினாலே உருவம் வந்துவிடும்.

பறவை நமக்காக நிற்காது. மையையோ அழிக்க முடியாது. ஆகவே ஒரே தாளில் நான்கைந்து நிலைகளைத் தொடங்கிவைத்து, பறவை எந்த நிலைக்குத் திரும்புகிறதோ அந்தப் படத்தைத் தொடர்கிறேன். வெயில் ஏறியதும் பெற்றோரில் ஒன்று குஞ்சுகளுக்கு நிழலாக இறக்கையை விரித்து நெடுநேரம் நிற்கும். கால்களை ஆற அமரப் பார்க்க அதைவிட நல்ல வேளை இல்லை. முழங்கால் பின்பக்கமாக மடிவதுபோல் தோன்றும் இடம் உண்மையில் கணுக்கால் என்பதும், முழங்கால் வயிற்று இறகுகளுக்குள் மறைந்திருக்கிறது என்பதும் மனத்தில் இருந்தால்தான் காலின் கோடு உடலோடு சரியாகப் பொருந்தும். சூட்டைத் தணிக்கப் பறவை தன் கால்மீதே எச்சமிட்டுக்கொள்வதால் படியும் வெள்ளைத் திட்டுகளையும் நான் மை படாமல் விட்டுவிடுவேன்.

மையைப் பற்றி ஒரு வார்த்தை: அரக்கு சேர்ந்த இந்திய மையை ஊற்றுப்பேனாவில் நிரப்பினால் அடைத்துக்கொள்ளும். தொட்டு எழுதும் நிப்புக்கே அது ஏற்றது. காற்றடிக்கும் கரையில் மைக்கூட்டைக் காப்பாற்றுவது தனி வேலை.

ஒருமுறை, தாழ்ந்த கிளையில் தனியே நின்ற ஒன்றை வரைந்து முடிக்கும் நேரத்தில், அவ்வழியே வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் தாளைக் குனிந்து பார்த்து, “இது இந்த வருசத்துக் குஞ்சு சார், மூக்குல இன்னும் சந்து விழல” என்றார். முதிர்ந்த பறவையின் அலகுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இளம்பறவைக்கு இராது. மைப்படத்தில் நிறம் தெரியாதபோதும் அந்த ஒரு கோட்டைக் கொண்டே அவர் வயதைச் சொல்லிவிட்டார். நான் அந்தத் தாளின் ஓரத்தில் ‘இளம்பறவை’ என்று குறித்துக்கொண்டதும், “பெருசு வேணும்னா அந்தாண்ட மரத்துல பாருங்க, நத்தையோட வந்து உக்காரும்” என்று கையைக் காட்டிவிட்டு நடந்தார்.