ஹேண்ட் பேலட் டிரக்கில் ரோலர், ஸ்டியரிங் வீல் மாற்றுவது எப்படி?

கேள்வி – கிடங்குப் பொறுப்பு

வணக்கம். 2,500 கிலோ தூக்கும் ஹேண்ட் பேலட் டிரக் (பேலட்டில் அடுக்கிய சரக்கை ஃபோர்க் எனும் இரு நீளக் கரங்களால் தூக்கி, கையால் இழுக்கும் வண்டி). ஃபோர்க் நுனியில் பக்கத்துக்கு இரண்டு ரோலர், 80×70 மி.மீ. (விட்டம்×அகலம்), பாலியூரித்தேன். இடது ஃபோர்க்கில் ஒரு ரோலரின் மேலுறை கிழிந்து உள்ளே இரும்பு தெரிகிறது. கைப்பிடிக்கு அடியில் திரும்பும் 200×50 சக்கரங்கள், அதாவது ஸ்டியரிங் வீல் இரண்டிலும் ஓர் இடம் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது.

ஃபோர்க்கை ஏற்றி அடியில் கட்டை கொடுத்து வேலை பார்க்கலாமா, டிரக்கைச் சாய்த்துத்தான் ஆக வேண்டுமா? ரோலர் அச்சைப் பிடித்திருக்கும் ரோல் பின் (நீளவாக்கில் பிளந்த எஃகுக் குழல் ஆணி) எவ்வளவு அடித்தும் அசையவில்லை. கிழிந்த ரோலரை மட்டும் மாற்றினால் போதுமா? நைலானுக்கு மாறலாமா?

பதில் – பராமரிப்பு மெக்கானிக்

சாய்த்துத்தான் செய்ய வேண்டும். ஏற்றிய ஃபோர்க்குக்கு அடியில் கையை விடவே கூடாது. அதைத் தாங்கி நிற்பது பம்புக்குள் இருக்கும் எண்ணெய்தான். கைப்பிடி லீவரில் யாராவது தெரியாமல் கை வைத்தாலோ வால்வு கசிந்தாலோ ஃபோர்க் இறங்கிவிடும். கட்டை கொடுத்தாலும் ரோலரைத் தாங்கும் சட்டமான ரோலர் பிரேம் இணைப்புக் கம்பியோடு சேர்ந்து நகரும். விரல் மாட்டுவது அங்கேதான்.

சரக்கை இறக்கிவிட்டு, வெறும் டிரக்கின் ஃபோர்க்கை முழு உயரத்துக்கு ஏற்றுங்கள். அப்போதுதான் ரோலர் பிரேம் வெளியே நீண்டு, ரோல் பின் கைக்கு எட்டும். லீவரை நடு நிலையில் வைத்துக் கயிற்றால் கட்டிவிடுங்கள். டிரக்கின் எடை 70 முதல் 80 கிலோ வரை இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து, தரையில் அட்டை விரித்து, மெதுவாகப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். கைப்பிடி சட்டென்று சுழன்று காலில் அடிக்கும், அதையும் கட்டுங்கள்.

ரோல் பின் அசையாததற்குப் பெரும்பாலும் துரு மட்டும் காரணமல்ல. ரோலர் பிரேம் அந்தரத்தில் ஆடுவதால் அடியின் வேகம் பின்னுக்குப் போய்ச் சேராது. ரோல் பின்னை அடிக்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் கனமான இரும்புத் துண்டை முட்டுக் கொடுங்கள். பின் வெளியே வரும் துளையை மட்டும் மறைக்காதீர்கள். துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் பொறுங்கள். பிறகு பின்னைவிடச் சற்றே மெல்லிய, நுனி வரை ஒரே பருமனான பஞ்ச் (அடித்துத் தள்ளும் எஃகுக் கம்பி) வைத்து அடியுங்கள். ஆணியோ கூர்முனைப் பஞ்சோ வைத்தால் பின்னின் வாய் விரிந்து துளைக்குள் இன்னும் இறுகும். எஃகுத் துணுக்கு தெறிக்கும் வேலை இது, பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அடிக்க வேண்டாம். கழற்றிய பின்னை மறுபடி போடக் கூடாது. அதன் ஸ்பிரிங் விசை போயிருக்கும், ஓட்டத்தில் கழன்று அச்சும் நழுவும்.

ரோல் பின் வெளியே வந்ததும் அச்சைப் பித்தளைத் துண்டு வைத்துத் தட்டி எடுங்கள். இரு பக்கமும் வாஷர் இருக்கும். கழற்றிய வரிசையிலேயே தரையில் அடுக்குங்கள், இல்லையென்றால் போன்கேமராவில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷர் ஒன்று விடுபட்டால் ரோலர் பிரேமில் உரசி ஒரே வாரத்தில் ஓரம் தின்றுவிடும்.

இந்த அளவு ரோலர்களில் பெரும்பாலும் 6204 பேரிங் இருக்கும்: உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. ரோலருக்கு இரண்டு. எண்ணைப் பழைய பேரிங்கின் விளிம்பில் பார்த்து உறுதி செய்யுங்கள். இரு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதை வாங்குங்கள். ரோலருக்குள் இறக்கும்போது வெளிவளையத்தில் மட்டுமே அழுத்த வேண்டும். உள்வளையத்தில் தட்டினால் குண்டுகள் ஓடும் பாதையில் பள்ளம் விழும். அன்றைக்குத் தெரியாது, சில வாரங்களில் கரகரவென்று சத்தம் போடும். பேரிங்கோடு சேர்த்தே வரும் ரோலர் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஸ்டியரிங் வீல் எளிது. தூசி மூடி, அடுத்து சர்க்லிப் (அச்சின் பள்ளத்தில் உட்கார்ந்து சக்கரத்தைக் கழலாமல் பிடிக்கும் வளையம்), அடுத்து வாஷர், பிறகு சக்கரம். சர்க்லிப்பை அதற்கான பிளையரால்தான் விரிக்க வேண்டும். முகத்தை நேர் எதிரே வைக்காதீர்கள், தெறித்தால் கண்ணுக்குத்தான் வரும்.

முடித்து நிமிர்த்தியதும் ஃபோர்க் சரியாக ஏறவில்லை என்றால் பயப்பட வேண்டாம். சாய்த்திருந்தபோது பம்புக்குள் காற்று போயிருக்கும். லீவரை இறக்கும் நிலையில் பிடித்துக்கொண்டு கைப்பிடியை 10 முதல் 15 முறை முழுதாக அடியுங்கள், காற்று வெளியேறிவிடும். முதலில் வெறுமனே, பிறகு பாதிச் சுமையில் ஓட்டிப் பாருங்கள்.

பதில் – உதிரிபாகம்

மேலே சொன்னதோடு ஒன்று. அச்சைத் தட்டி எடுப்பதற்கு முன் அதன் முனையில் ரோல் பின் துளை எந்தத் திசையில் போகிறது என்று ரம்பத்தாலோ மார்க்கராலோ ஒரு கோடு போடுங்கள். பிரேமுக்குள் போனபின் அச்சின் துளை கண்ணுக்குத் தெரியாது. கோடு இல்லாமல் புதுப் பின்னைக் குருட்டாம்போக்கில் அடித்தால் பின் வளைந்து பாதியில் நின்றுவிடும்.

ஒற்றை ரோலரை மாற்றாதீர்கள். இரட்டை ரோலரில் புதியது 80 மி.மீ., பழையது தேய்ந்து 76 என்றால் பெரியதன் மேல் சுமை கூடலாம், அதுவும் சீக்கிரம் கிழியலாம். நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்டியரிங் வீலும் ஜோடியாகத்தான்.

நைலானா, பாலியூரித்தேனா என்பதைத் தரைதான் தீர்மானிக்கும். நைலான் கடினம், சுமையோடு இழுக்க இலகு, ஈரத்துக்குப் பயப்படாது. ஆனால் சத்தம் அதிகம், எபாக்சி பூசிய தரையில் கோடு போடும், தரை இணைப்பில் இடித்தால் அதிர்ச்சி நேரே பேரிங்குக்குப் போகும். பாலியூரித்தேன் தரையைக் காக்கும், அமைதியாக ஓடும். உலோகச் சீவல் கிடக்கும் இடத்தில் மட்டும் அந்தச் சீவல் சதைக்குள் ஏறி மேலுறையைக் கிழித்துவிடும்.

காரணத்தையும் பாருங்கள். மேலுறை வளையமாக உரிந்திருந்தால் அதிகச் சுமை, அல்லது ஒட்டு விட்டுப்போனது. ஸ்டியரிங் வீலில் ஒரே இடம் தட்டையானால் சுமையோடு நாள்கணக்கில் நின்றிருக்க வேண்டும், இல்லை பேரிங் இறுகிச் சக்கரம் சுற்றாமல் இழுபட்டிருக்க வேண்டும். அச்சு ஓரத்தில் சுற்றியிருக்கும் ஸ்ட்ரெச் ஃபிலிமையும் நூலையும் வெட்டி எடுங்கள். பேரிங் மூடியை அறுத்துக் கிரீஸை வெளியே கொண்டுவருவது அதுதான்.

கிடங்குப் பொறுப்பு

நன்றி, தெளிவாக இருக்கிறது. ஃபோர்க்லிஃப்டின் முன் டயரையும் இதே ஆட்களை வைத்தே மாற்றலாமா? காற்று டயர்.

பதில் – ஃபோர்க்லிஃப்ட் சர்வீஸ்

பயிற்சி இல்லாதவர்களிடம் அதைக் கொடுக்காதீர்கள். இது உயிர் போகும் வேலை.

காற்று டயர் போட்ட ஃபோர்க்லிஃப்ட் ரிம் பெரும்பாலும் இரண்டு துண்டுகளை போல்ட்டால் சேர்த்தது. உள்ளே 7 முதல் 10 பார் வரை அழுத்தம். ரிம்மில் இரண்டு வட்டமாக நட்டுகள் தெரியும்: ஒன்று சக்கரத்தை ஹப்பில் (வண்டியின் அச்சு முனையில்) பிடிப்பது, மற்றொன்று ரிம் துண்டுகளைச் சேர்த்துப் பிடிப்பது. காற்று இருக்கும்போது இரண்டாவதைக் கழற்றினால் ரிம் குண்டுபோல் பிரிந்து பறக்கும். அதனால் ஸ்பானரைத் தொடும் முன்பே வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்குங்கள். பிறகு வால்வுக்குள் மெல்லிய கம்பி விட்டு அடைப்பு இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் நின்றதால் காற்று தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2.5 டன் தூக்கும் வண்டியின் சொந்த எடையே 3.5 டன்னுக்கு மேல் இருக்கும், கார் ஜாக்கி தாங்காது. சமதரை, ஹேண்ட் பிரேக், சாவி வெளியே, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் ஆப்பு. மின்சார வண்டியானால் பேட்டரி பிளக்கையும் பிரியுங்கள். வண்டியின் கையேடு காட்டும் இடத்தில் மட்டும் ஜாக்கி வையுங்கள். வண்டியின் பின்புற எதிர் எடையான கவுண்டர்வெயிட்டுக்கு அடியில் கூடாது. தூக்கியதும் சட்டத்துக்கு அடியில் கடின மரக்கட்டை அடுக்கி எடையை அதன்மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் பக்கத்தில் போகக் கூடாது.

காற்று ஏற்றும்போது இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளக் குழாயோடு, டயரின் நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ஹப் நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, கையேட்டில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். முதல் ஷிஃப்ட் முடிந்ததும் மறுபடி ஒருமுறை. புது ரிம்மின் பெயிண்ட் அமுங்கி நட்டு தளர்வது உண்டு.

சாலிட் டயராக (காற்றில்லாத முழு ரப்பர்) இருந்தால் ரிம்மைக் கழற்றி, பெரிய ஹைட்ராலிக் பிரஸ் உள்ள கடைக்கு அனுப்ப வேண்டும். சுத்தியலாலும் கடப்பாரையாலும் அது ஏறாது.