பால் குடுக்குற பிள்ளைக்கும் வளர்ற வயசுதான்

இட்லிக்கடை அக்கா, தாராவி:
எங்க சால்ல, அதான் வரிசை வீட்டுக் குடியிருப்புல, மேல்வீட்டு மருமகளுக்கு 19 வயசு, கைப்பிள்ளைக்காரி. திருநெல்வேலியில இருந்து வந்த மாமியா பத்தியம்னு ஆரம்பிச்சுட்டாங்க. பூண்டுக் குழம்பு, ரெண்டு கரண்டி சோறு. காய் கிடையாது, தண்ணிகூட அளந்துதான். வயிறு உள்ள போகணுமாம்.

ஆளு பூசினாப்ல இருந்ததால யாருக்கும் சந்தேகம் வரல. பால்வாடி டீச்சர் மேல்கையில நாடாவைச் சுத்திப் பாத்தா 21 சென்டிமீட்டர்! 23க்குக் கீழ போனாலே சத்துக் குறைவுன்னாங்க. வயித்துல கொழுப்பு நிக்குது, கையில சதை இல்ல. எடை மிஷின் ரெண்டையும் ஒண்ணாத்தான காட்டும்?

முதல் ஆறு மாசம் பால் குடுக்குறவளுக்கு வழக்கத்தைவிட தினம் 600 கலோரி கூட வேணுமாம். இவளுக்கோ எலும்பே இன்னும் முழுசாக் கெட்டிப்படல. அதுல இருந்தும் பாலுக்குச் சுண்ணாம்புச் சத்து போகுது. பால் மறந்த பிறகு எலும்பு தேறிரும், ஆனா தேறுறதுக்குச் சாப்பாடு வேணும்ல? "நான் பதினாறுல பெத்தேன், எனக்கென்ன கொறஞ்சு போச்சு?"ன்னு மாமியா கேட்டாங்க. முதுகு வளைஞ்சு நின்னுக்கிட்டுத்தான் கேட்டாங்க.

பத்தியத்தை நான் பழிக்கல. கருவாடு, சுறாப்புட்டு, முருங்கைக்கீரைன்னு நம்ம ஊர்ல குடுக்கிறதுதான? இப்ப காலையில நம்ம கடையில இருந்து இட்லியும் கெட்டிச் சாம்பாரும் மேல போகுது. முட்டையை மாமியாவே அவிச்சுக் குடுக்காங்க.

சயான் தம்பி:
எங்க வீட்ல பத்தியமே இல்லக்கா. தங்கச்சி எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியாத்தான் சாப்பிடுவா. குழந்தை கொழுகொழுன்னு ஏறினதால அவளை யாரும் கவனிக்கல. தாய் மெலிஞ்சாலும் பால் சட்டுனு வத்தாதுன்னு நர்ஸ் சொன்னாங்க. இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை ரெண்டையும் ஒண்ணா டீயோட முழுங்கிட்டிருந்தா. டீ கூடாது, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரமாவது விடணும்னாங்க. பிரசவத்துக்கு அப்புறம் 180 நாளைக்கு ரெண்டையும் அரசாங்கமே இலவசமாத் தருது, வாங்கிக்கோங்க.

மாட்டுங்கா மைனி:
பால்வாடியில தாய்க்குன்னு குடுக்குற சத்துமாவுப் பொட்டலம் அவ வாய்க்குப் போகுதான்னும் பாருங்க. எங்க பக்கத்து வீட்ல அதுல லட்டு பிடிச்சு மாமனார் தின்னுட்டிருக்காரு.