தங்கச்சிக்கு வவுனியாவில் ஏசி அப்பார்ட்மென்ட் பார்க்கிறம்: கேட்கிற வாடகைக்குத் தகுமா?

முள்ளியவளையான்:

தங்கச்சிக்கு வவுனியாப் பல்கலைக்கழகத்தில பிரயோக விஞ்ஞான பீடம் கிடைச்சிருக்கு. விடுதிக்கு எழுதிப் போட்டிருக்கிறம், மறுமொழி இன்னும் இல்லை. இதுக்கிடையில குருமன்காட்டுப் பக்கம் மாணவருக்கெண்டே கட்டின நாலு மாடிக் கட்டடம் ஒண்டில அறை இருக்கெண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லிச்சினம்.

ரெண்டு பேருக்கு ஒரு அறை. ஆளுக்கு மாதம் 24,000 ரூபா. ஏசி, அறையோட சேர்ந்த குளியலறை, கட்டில், மேசை, அலுமாரி, வைபை, ஜெனரேற்றர், சிசிடிவி, கைரேகைப் பூட்டு, கீழ படிக்கிறதுக்கு ஒரு ஹோல். கரண்ட் பில் வேற. மூண்டு மாத அட்வான்ஸ், 12 மாத ஒப்பந்தம். இப்ப காலியா இருக்கிறது முதலாம் மாடியில ஒரு அறையும் மேல் மாடியில ஒண்டும். மேல் மாடிக்கு 2,000 குறைவு.

அதே பக்கம் சாதாரண போடிங் (வாடகைக்குத் தங்கிற அறை) 8,000, 9,000க்குக் கிடைக்குது. அம்மாவுக்குப் பாதுகாப்புத்தான் முதல். அதுக்காகக் காசு கூடினாலும் சமாளிப்பம், மினுக்கத்துக்குக் குடுக்க எங்களால ஏலாது. ஞாயிறு போய்ப் பார்க்கப் போறம். என்னத்தைப் பார்க்கோணும், என்னத்தைக் கேட்கோணும்?

மன்னார்வீதி:

முதல் தூரத்தைப் பாருங்கோ தம்பி. பல்கலைக்கழகம் இருக்கிறது பம்பைமடுவில. ரவுணில இருந்து மன்னார் வீதியால பத்துக் கிலோமீற்றர் வரும். குருமன்காடு அதே வீதியில இருக்கிறபடியால் ஒரு பஸ்ஸில போய் இறங்கலாம். ஆனா கட்டடம் மெயின் றோட்டில இருந்து எவ்வளவு உள்ளுக்கு? 200 மீற்றர் எண்டால் ஒண்டுமில்லை. ஒரு கிலோமீற்றருக்கு மேல, தெருவிளக்கும் இல்லாத ஒழுங்கை எண்டால், ஆய்வுகூட வகுப்பு முடிஞ்சு இருட்டுப்படுற நேரம் வாற பிள்ளைக்கு அந்த ஒழுங்கைதான் ஒவ்வொரு நாளும் பிரச்சினை. ஓட்டோவுக்குக் குடுக்கிற காசையும் வாடகையோட கூட்டித்தான் ஒப்பிடோணும். கட்டடத்துக்குள்ள எத்தனை கமெரா இருந்தாலும் ஒழுங்கையில ஒண்டும் இராது.

அடுத்தது விடுதி. முதலாம் வருடத்துக்கு வழமையா முன்னுரிமை உண்டு. வீட்டுத் தூரமும் குடும்ப வருமானமும் பார்ப்பினம். முல்லைத்தீவுப் பக்கம் முள்ளியவளையில இருந்து வாற பிள்ளைக்குக் கிடைக்கிற வாய்ப்பு நல்லாவே இருக்கு. மாணவர் விவகாரப் பிரிவுக்குப் போன் பண்ணி, பட்டியல் எப்ப போடுவினம் எண்டு கேட்டு வையுங்கோ. அது தெரியாமல் 12 மாதத்துக்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். மகாபொல உதவிப்பணத்தை 2025 வரவுசெலவுத் திட்டத்தில கூட்டினபோதும் மாதம் 7,500 ரூபாதான் ஆக்கினவை. மிச்சம் முழுக்க வீட்டில இருந்துதான் வரவேணும்.

மின்கம்பி:

ஏசி அறையில வாடகையை விடக் கரண்ட் பில்தான் ஆக்களைக் குழப்பும். கணக்கைச் சொல்லுறன்.

9000 பிரியூ இன்வேர்ட்டர் ஏசி ஒண்டை 26இல வைச்சு இரவு எட்டு மணித்தியாலம் விட்டால் மூண்டரை, நாலு யூனிட் போகும். இன்வேர்ட்டர் இல்லாத பழைய வகை எண்டால் ஐஞ்சுக்கு மேல. மாதத்துக்கு 105 தொடக்கம் 150 யூனிட் எண்டு வையுங்கோ, ரெண்டு பேருக்கும் சேர்த்து. சீலிங் பேன் 75 வாட்ஸ், பத்து மணித்தியாலம் ஓடினாலும் மாதம் 22, 23 யூனிட்தான்.

இனி விலை. வீட்டுப் பாவனை மின்கட்டணம் படி படியா ஏறுறது. 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டில இருந்தே வேற விலை; 180க்கு மேல ஆகக் கூடின படி. முழுக் கட்டடத்துக்கும் ஒரு பிரதான மீற்றர் எண்டால், எல்லா அறையும் சேர்ந்து அந்த 180ஐ மாதத் தொடக்கத்திலயே தாண்டிவிடும். பிள்ளை தனிய 40 யூனிட் எரிச்சாலும் ஆகக் கூடின விலையிலதான் கட்டவேண்டி வரும். ஆனபடியால் மூண்டு கேள்வி: பிரதான பில்லின்ர கொப்பி காட்டுவினமோ, அதில என்ன கட்டண வகை போட்டிருக்கு, சப் மீற்றர் (அறைக்கெண்டு தனிய வைச்ச மீற்றர்) யூனிட்டுக்கு எவ்வளவு எடுக்கினம். பில்லில இருக்கிற ஆகக் கூடின யூனிட் விலையை விடக் கூட எடுத்தால், அந்த வித்தியாசம் என்னத்துக்கெண்டு கேளுங்கோ. பொது லைற், மோட்டர், படி லைற் இதுகளின்ர பங்கு வேறயா, உள்ளடக்கமா எண்டதும் முக்கியம்.

சப் மீற்றர் சரியா ஓடுதோ எண்டு அங்கயே பார்க்கலாம். அறையில எல்லாத்தையும் நிற்பாட்டிப்போட்டு மீற்றரில இருக்கிற சின்னச் சிவப்பு லைற்றைப் பாருங்கோ. ஒண்டும் எரியாமலே அது மின்னினால் வேற எங்கயோ உள்ள லைன் அந்த மீற்றரால போகுது எண்டு அர்த்தம். அடுத்து 1500 வாட்ஸ் கேத்தில் ஒண்டை நிறையத் தண்ணி விட்டுப் போடுங்கோ. மீற்றர் முகப்பில ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு, அதாவது அந்த லைற் எத்தனை தரம் மின்னும், எண்டு எழுதியிருக்கும், பெரும்பாலும் 1000 அல்லது 1600. 1000 எண்டால் பத்துத் துடிப்புக்கு 24 செக்கன் எடுக்கோணும். 1600 எண்டால் 15 செக்கன். வோல்டேஜைப் பொறுத்து ரெண்டு மூண்டு செக்கன் முன்பின்னா இருக்கலாம். 24 வர வேண்டிய இடத்தில 18 வந்தால் மூண்டிலொரு பங்கு கூட ஓடுது.

ட்ரிப் சுவிட்சில (கரண்ட் கசிஞ்சால் தானா விழுறது) டெஸ்ட் எண்டு ஒரு பொத்தான் இருக்கும். உரிமையாளரிட்டச் சொல்லிப்போட்டு அமத்துங்கோ. டக்கெண்டு விழோணும். விழாட்டி அந்த அறை வேண்டாம், அதுவும் குளியலறையில சுடுதண்ணிக் கீற்றர் இருந்தால் கட்டாயம் வேண்டாம்.

ஜெனரேற்றர் எண்டு விளம்பரத்தில போடுவினம். அது ஏசியையும் இழுக்குமோ எண்டு கேளுங்கோ.

முள்ளியவளையான்:

நன்றி அண்ணாமார். இப்ப போன் பண்ணிக் கேட்டன். அறைக்கு அறை மீற்றர் இருக்காம். ஜெனரேற்றர் லைற்றுக்கும் தண்ணி மோட்டருக்கும் வைபைக்கும் மட்டும், ஏசிக்கு இல்லையாம். தண்ணி குழாய்க்கிணறு. குடிக்கிறதுக்குக் கீழ ஆர்ஓ பில்டர் (சவ்வால தண்ணியை அமத்தி வடிக்கிறது) இருக்காம். மெயின் றோட்டில இருந்து 300 மீற்றர். மேல் மாடி அறை காத்தோட்டமா இருக்கும் எண்டு சொல்லினம். உண்மையோ?

குளக்கட்டு:

மேல் மாடி வேண்டாம். கொங்கிறீற் தட்டுக்கு மேல ஓடோ, தகரக் கூரையோ, வேற நிழலோ இல்லையெண்டால், பகல் முழுக்க வெயில் குடிச்ச தட்டு இரவு பன்னிரண்டு ஒரு மணி வரைக்கும் சூட்டைக் கீழ விட்டுக்கொண்டிருக்கும். பங்குனியில இருந்து புரட்டாதி வரைக்கும் எங்கட பக்கத்து வெயில் உங்களுக்குத் தெரியும்தானே. அந்த அறையில ஏசி கூட நேரம் ஓடும். மின்கம்பி சொன்ன நாலு யூனிட் ஆறாகும். 2,000 ரூபா கழிவு கரண்ட் பில்லிலயே போயிடும்.

முதலாம் மாடி அறையையும் திசை பார்த்துத்தான் எடுக்கோணும். மேற்குச் சுவர் வெளிச்சுவரா இருந்தால் பின்னேரம் சுடும். தெற்குப் பக்கமோ தென்மேற்குப் பக்கமோ யன்னல் இருந்தால் சோளகக் காத்துப் பிடிக்கும், ஆனா யன்னல் திறக்கிற மாதிரி இருக்கோணும். இப்ப கட்டுற கட்டடங்களில அலுமினியச் சறுக்கு யன்னல் போடுவினம். அது பாதிதான் திறபடும். சில இடங்களில கண்ணாடி முழுக்கத் திறபடாமல் அடைச்சிருக்கும். நுளம்பு வலை இல்லாட்டி அந்தப் பாதியையும் இரவில திறக்க ஏலாது. ஏசியை நம்பிக் கட்டின அறையில கரண்ட் போனால், உங்கட கட்டடத்தில ஜெனரேற்றரும் ஏசிக்கு உதவாது எண்டபடியால், யன்னலைத் தவிர வேற வழியில்லை. ஆகவே பின்னேரம் மூண்டு நாலு மணிக்குப் போங்கோ. ஏசியைப் போட்டுக் குளிராக்கி வைச்சிருந்தால் நிற்பாட்டச் சொல்லி, யன்னலைத் திறந்து அரை மணித்தியாலம் உள்ளுக்க இருந்து பாருங்கோ. மேற்குச் சுவரில உள்ளங்கையை வையுங்கோ.

இனித் தண்ணி. வவுனியாக் குழாய்க்கிணற்றுத் தண்ணி பல இடங்களில கடினத் தண்ணி. சில இடங்களில புளோரைட்டும் கூட. குளிக்கிறதுக்குக் கடினம் பரவாயில்லை. சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் வறளும், சவர் துவாரம் வெள்ளையா அடைபடும், கீற்றர் சுருளில படிவு பிடிச்சு எரிஞ்சுபோகும். குளியலறைப் பைப்பின்ர நுனி வலையைப் பாருங்கோ, வெள்ளைப் படிவு எவ்வளவு எண்டு தெரியும்.

குடிக்கிறது வேற கதை. புளோரைட் கண்ணுக்கும் தெரியாது, வாய்க்கும் தெரியாது. கொதிக்க வைச்சாலும் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் செறியும். சாதாரண மண் பில்டர், மெழுகுதிரி பில்டர் ஒண்டும் எடுக்காது. ஆர்ஓ எடுக்கும், அதுக்குள்ள இருக்கிற மெம்பிறேன் (சவ்வு) நல்லா இருந்தால் மட்டும். இலங்கைக் குடிநீர்த் தரம் எஸ்எல்எஸ் 614 (2013) சொல்லுறது: புளோரைட் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ, மொத்தக் கடினத்தன்மை 250க்குக் கீழ, கரைஞ்ச திண்மம் 500க்குக் கீழ. தண்ணீர்ச் சோதனை அறிக்கை இருக்கோ எண்டு கேளுங்கோ. இல்லாட்டி ஒரு போத்தல் எடுத்து நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிட்டச் சோதிக்கலாமோ எண்டு விசாரியுங்கோ. கையில வைச்சுப் பார்க்கிற டிடிஎஸ் பேனை (கரைஞ்ச திண்மத்தை அளக்கிறது) புளோரைட்டைத் தனியாக் காட்டாது, ஆனா பில்டர் வேலை செய்யுதோ எண்டு காட்டும். கிணற்றுத் தண்ணி 600 எண்டால், பில்டர் தண்ணி 60க்குக் கிட்ட அல்லது அதுக்குக் கீழ வரோணும். 300 காட்டினால் மெம்பிறேன் முடிஞ்சுது. கடைசியா எப்ப மாத்தினது எண்டு திகதியோட கேளுங்கோ.

தாங்கியையும் பாருங்கோ. ஒரு ஆளுக்கு நாளுக்கு 100 லீற்றருக்குக் குறையாமல் வேணும். 40 பிள்ளையள் இருக்கிற கட்டடத்துக்கு மேல 2000 லீற்றர் தாங்கி ஒண்டு மட்டும் எண்டால், காலமை எல்லாரும் ஒரே நேரம் குளிக்கிறபோது காணாது. ஆவணியில கிணறு கீழ போனால் நிலைமை இன்னும் மோசம்.

கச்சேரிஅடி:

ஒப்பந்தத்தை எப்படி எழுத வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில், சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது அதுதான். பல இடங்களில் அச்சடித்த இரண்டு பக்கத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டு அதை 12 மாத ஒப்பந்தம் என்பார்கள். பிரச்சினை வந்தால் அந்தத் தாளை வைத்து முழுக் காலத்தையும் நிலைநாட்டுவது இரு தரப்புக்கும் கடினம். ஆனால் அட்வான்ஸ் அவர்களிடம் இருக்கும், எனவே நடைமுறையில் நட்டம் உங்கள் பக்கம். 72,000 ரூபா கொடுக்கும்போது பற்றுச்சீட்டில் "மீளளிக்கப்படும் வைப்பு" என்று எழுதி வாங்குங்கள். எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் கழிப்பார்கள் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

பருவம் ஒன்று 15 வாரம். படிப்பு விடுமுறையும் பரீட்சையும் சேர்ந்தால் இருபது வாரமளவு. ஆண்டுக்கு இரண்டு பருவம் என்றால் ஒன்பது, ஒன்பதரை மாதம்தான் அறை பாவனையில் இருக்கும். மிச்சத்துக்கு நீங்கள் கட்டுவது 60,000 ரூபாவுக்கு மேல். விடுமுறை மாதத்துக்குப் பாதி வாடகை கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். விடுதி கிடைத்தால் ஒரு மாத அறிவித்தலில் வெளியேறலாம் என்ற வரியையும் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள்.

வாடகை ஆளுக்கா, அறைக்கா என்று தெளிவாக எழுதப்பட வேண்டும். மற்றப் பிள்ளை இடையில் போனால் தங்கச்சி 48,000 கட்ட வேண்டுமா? அந்த இடத்துக்கு யாரைப் போடுவது என்று யார் தீர்மானிப்பது? பெண்பிள்ளை விடயத்தில் இது காசை விடப் பெரிய கேள்வி.

பாதுகாப்புக்கு நான் பார்ப்பது கமெராவை அல்ல. இரவில் தங்கும் பெண் பொறுப்பாளர் இருக்கிறாரா, ஆண்களின் மாடிக்கும் பெண்களின் மாடிக்கும் ஒரே படிக்கட்டா, அறையின் மாற்றுச் சாவி யாரிடம், அறிவிக்காமல் உள்ளே வருவார்களா என்பதைத்தான். கமெரா குளியலறை வாசலையோ உடுப்புக் காயப்போடும் இடத்தையோ பார்த்தபடி இருந்தால் திருப்பச் சொல்லுங்கள்.

மன்னார்வீதி:

எல்லாத்தையும் பார்த்தால் என்ர எண்ணம்: முதலாம் மாடி அறை, மேற்குச் சுவர் வெளிச்சுவரா இல்லாமல், நாலு மாத ஒப்பந்தத்துக்கு ஓம்பட்டால் எடுக்கலாம். 12 மாதம்தான் எண்டு நிண்டால், பெண் பொறுப்பாளர் இருக்கிற 9,000 ரூபா போடிங்கில வைச்சு, நல்ல மேசை, மேசை லைற், பேன் ஒண்டு வாங்கிக் குடுங்கோ. வைபைக்கும் அதிகம் மயங்க வேண்டாம். 40 பேருக்கு ஒரு இணைப்பு எண்டால் இரவு ஒன்பது மணிக்கு இழுபடும். மாதத்துக்கு எத்தனை ஜீபி எண்ட அளவு முடிஞ்சால் வேகம் விழுந்துபோகும். தங்கச்சியின்ர சிம்முக்கு அறைக்குள்ள சிக்னல் இருக்கோ எண்டு கதவைச் சாத்திப்போட்டுப் பாருங்கோ.

முள்ளியவளையான்:

நாலு மாதம் கேட்டன், ஆறு மாதத்துக்கு ஓமாம். விடுதி கிடைச்சால் ஒரு மாத அறிவித்தலும் எழுதித் தருவினமாம். ஒரு சந்தேகம்: கரண்ட் இல்லாத நேரம் கைரேகைப் பூட்டு திறபடுமோ?

மின்கம்பி:

அறைக் கதவில இருக்கிறது பெரும்பாலும் நாலு பற்றரியில ஓடுறது, கரண்டோட சம்பந்தமில்லை. பற்றரி இறங்க முதல் சத்தம் போடும். உள்ளுக்க இருந்து கைபிடியைத் திருப்பினால் எப்பவும் திறபடோணும், அதைச் செய்து பாருங்கோ. வெளியால திறக்கிற சாவியில ஒண்டு தங்கச்சியிட்ட இருக்கோணும். கீழ் வாசல் வேற மாதிரி. அது காந்தப் பூட்டு எண்டால் கரண்ட் போனால் தானாத் திறபடும், பற்றரி பாக்கப் இருந்தால்தான் பூட்டி நிற்கும். இரும்புக் கிறில் கதவை இரவில ஆமைப்பூட்டுப் போட்டுப் பூட்டினால், நெருப்புப் பிடிச்சால் திறக்கிற சாவி எந்த மாடியில, ஆரிட்ட இருக்கு எண்டு கேளுங்கோ. ரெண்டாவது படிக்கட்டு இருந்தால் அதில சாமான் அடுக்கி வைச்சிருக்கினமோ எண்டு இறங்கிப் பாருங்கோ.