சிறுவர்களுடன் பணியாற்ற எந்தப் பட்டமேற்படிப்பைத் தெரிவு செய்வது?

வெள்ளவத்தை முன்பள்ளி ஆசிரியை:

வணக்கம். பேராதனையில் உளவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்ற நான், இரண்டு ஆண்டுகளாக வெள்ளவத்தையில் ஒரு முன்பள்ளியில் படிப்பித்து வருகிறேன். எங்கள் வகுப்பில் நாலரை வயதுப் பையன் ஒருவன், காலையில் வந்ததும் மற்றப் பிள்ளைகளின் செருப்புகளை அளவு பார்த்து வரிசையாக அடுக்குவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். "இவன் கதைப்பானா டீச்சர்?" என்று தாயார் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. மேலே படிக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் உறுதியாயிற்று. மருத்துவ உளவியல், பேச்சுச் சிகிச்சை, விசேட கல்வி, சமூகப்பணி ஆகியவற்றுள் எது எனக்குப் பொருந்தும்? வேலையை விடாமல் படிக்க முடிந்தால் நல்லது.

பேச்சு மொழிச் சிகிச்சையாளர்:

தங்கச்சி, பேச்சு மொழிச் சிகிச்சை இங்கே இளமாணிப் பட்டத்திலேயே தொடங்குகிறது. ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் நான்கு ஆண்டுகள் படித்தே நாங்கள் இத்தொழிலுக்கு வந்தோம். உங்கள் கலைப் பட்டத்தின் மேல் அதை ஏற்றிவைக்க முடியாது. மருத்துவ உளவியலுக்கு உங்கள் பட்டம் நல்ல அடித்தளம். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் கற்கைப் பீடத்தில் அதற்கான படிப்பு உண்டு. ஆனால் மேற்பார்வையின் கீழ் நோயாளரைப் பார்க்கும் பயிற்சி அதன் உயிர்நாடி என்பதால், முன்பள்ளி வேலையுடன் அதைச் சேர்த்து இழுப்பது கடினம். எந்த நிறுவனத்திலும் பணம் கட்டுமுன், இந்தப் பட்டத்துடன் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெறலாமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயரில் உளவியல் இருப்பதால் மட்டும் ஒரு முதுமாணி உங்களைச் சிகிச்சையாளராக்கிவிடாது.

அந்தப் பையன் உங்கள் படிப்பு முடியும்வரை காத்திருக்கக் கூடாது. பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் இப்போதே காட்டும்படி தாயாரிடம் சொல்லுங்கள்.

சமூகப்பணியாளர், கொட்டாஞ்சேனை:

மகள், எந்தப் பட்டம் என்பதற்கு முன், பிள்ளையின் எந்தப் பக்கத்தில் நிற்க விரும்புகிறீர்கள் என்று யோசியுங்கள். பிள்ளையைச் சுற்றியுள்ள வீடு, வறுமை, வன்முறை, நீதிமன்றம் ஆகியவற்றோடு மல்லுக்கட்ட மனமிருந்தால், சமூகப்பணி முதுமாணி சரியான வழி. தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகம் அதை நடத்துகிறது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்த பிறகு, 1929 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிட வழி இருக்கிறது. ஆனால் முறைப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து கதைக்க ஒருவர் வேண்டும். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை, தமிழ் தெரியாத அதிகாரி ஒருவர் அயல்வீட்டுப் பெண்ணின் மொழிபெயர்ப்போடு விசாரித்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கேள்வி முடியுமுன்னே அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து, அவள் முகத்துக்கு ஏற்றாற்போலவே சிறுமி பதில் சொன்னாள். அயலவருக்கு முன்னால் எந்தப் பிள்ளை வீட்டு விடயத்தைச் சொல்லும்? நீங்கள் எதைப் படித்தாலும், தமிழ்ப் பிள்ளைகளோடு களப்பயிற்சி செய்யும் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். சிங்களத்தையும் விட்டுவிடாதீர்கள், அறிக்கைகளை வாசிக்க அது வேண்டும்.

விசேட கல்வி ஆசிரியர்:

செருப்பு வரிசையைக் கவனித்த கண் வகுப்பறைக்கு உரியது என்றே எனக்குத் தோன்றுகிறது. நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தில் விசேட தேவைக் கல்விக்குத் தனித் துறையே உண்டு. பட்டப்பின் டிப்ளோமாவைத் தொலைக்கல்வி முறையில் படிப்பதால் வேலையை விட வேண்டியதில்லை, கற்றதை மறுநாளே அந்தப் பையனிடம் பயன்படுத்தலாம். அவன் வரிசையைக் கலைக்காமல், அதன் ஓரத்தில் நீங்களும் ஒரு செருப்பை வைத்துவிட்டுக் காத்திருந்து பாருங்கள்.

வெள்ளவத்தை முன்பள்ளி ஆசிரியை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்பறையை விட்டு விலக எனக்கு மனமில்லை என்பது உங்கள் பதில்களை வாசித்தபோதுதான் தெளிவாயிற்று; நாளை நாவலைக்குப் போய் விண்ணப்ப விபரங்களைக் கேட்கிறேன். தாயாரிடம் வைத்தியசாலை பற்றி இன்று காலை சொல்லிவிட்டேன்.