50,000 வெள்ளி விதைப் பணம்: நீல ஒளிக்கா, டார்ச் லைட்டுக்கா?

கித்தாக்காடு:
பொறியியல், இயற்பியல் ஆட்கள் புற்றுநோய் மருத்துவர்களோடு சேர்ந்து புதிய ஆய்வு தொடங்க ஓராண்டு விதைப் பணம், 50,000 வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்துக்கொள்வோம். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வெற்றிலை பாக்கு போடுபவர்களின் வாயை நீல ஒளியில் பார்க்கும் கைக்கருவிக்கு அதைக் கேட்கலாமா? கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. மலேசியாவில் வாய்ப்புற்று மற்ற இனத்தாரைவிட இந்தியர்களான நம்மவர்களிடம்தான் அதிகம்.

405 நானோமீட்டர் எல்இடி ஒளி பட்டால் நல்ல சதை வெளிர்பச்சையாக ஒளிரும். செல்கள் கெடத் தொடங்கிய இடத்தில் கொலாஜன் (சதையைத் தாங்கும் புரத நார்) பிணைப்பு சிதைந்து ஒளிர்வு குறையும், அந்த இடம் கருப்பாகத் தெரியும். எல்இடி, இரண்டு பில்டர், ஒரு கைப்பேசி இருந்தால் முதல் மாதிரியைச் செய்துவிடலாம்.

டார்ச்லைட்:
நான் எதிர்க்கட்சி. திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வெறும் கண்ணால் வாயைப் பார்த்தார்கள். 2005ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுச் சாவு 34 விழுக்காடு குறைந்தது. வழி தெரிந்திருக்கும்போது மிஷின் எதற்கு?

ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 1,000 பேரில் 10 பேருக்குக் கவனிக்க வேண்டிய புண் இருக்கிறது. கருவி அதில் 90 விழுக்காட்டைப் பிடிக்கும், நல்ல வாயை 80 விழுக்காடு சரியாகச் சொல்லும் என்றே கொள்வோம். 9 பேர் சரியாக அகப்படுவார்கள். 198 பேர் வீணாகப் பயந்து போவார்கள். அத்தனை பேரும் ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு மேல்சோதனைக்கு ஈப்போவுக்குப் பஸ் ஏற வேண்டும். அடுத்த முறை கூப்பிட்டால் யார் வருவார்கள்?

கித்தாக்காடு:
அந்தக் கணக்கை ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. ஆனால் 80 என்ற எண்ணைக் கூட்ட முடியுமா என்று பார்க்கத்தானே விதைப் பணம்! அமெரிக்காவில் ஆர்21 என்ற அரசு ஆய்வு மானியத்துக்கு முன்கூட்டிய தரவு கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்கு 275,000 டாலர் வரை நேரடிச் செலவுக்குத் தருகிறார்கள். 2009ல் அங்கே தேசியப் புற்றுநோய்க் கழகம் இயற்பியலாரையும் புற்றுநோய் ஆய்வாளர்களையும் சேர்த்து 12 மையங்களைத் தொடங்கியது. பலிக்குமா என்று தெரியாத கேள்விக்கும் பணம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பல்நாற்காலி:
இரண்டு பேருமே வாயைத் திறந்து பார்க்காமல் பேசுகிறீர்கள். பாக்கினால் சதை இறுகிப்போனவருக்கு வாய் இரண்டு விரல்கூடத் திறக்காது. ஆபத்து அதிகம் உள்ளவரும் அவரேதான். பல்கலைக்கழக மாணவர்களின் வாயை அளந்து கருவித் தலையைச் செய்தால், தோட்டத்தில் அது உள்ளேயே நுழையாது. வடிவம் வரைவதற்கு முன்பே, முன்பற்களுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்று வெர்னியர் அளவுகோல் வைத்துக் குறைந்தது 30 பேரிடம் அளக்க வேண்டும்.

சதை இறுகுவது கொலாஜன் கூடுவதால். அங்கே ஒளிர்வு குறையாது, கூடலாம். கருப்பைத் தேடும் கருவி அதைச் ‘சரி’ என்று விட்டுவிடும். இதைவிடப் பெரிய தொல்லை சாயம். சுண்ணாம்பு பட்டதும் பாக்கு சிவக்கிறதே, அந்தச் சிவப்பு, நீல ஒளியை விழுங்கிவிடும். கன்னத்தின் உட்புறம் முழுக்கக் கருப்பாகத் தெரியும். புண்ணும் கறையும் ஒன்றுபோலவே இருக்கும். கொப்பளித்தாலும் முழுதாகப் போகாது. நாக்கில் ஆங்காங்கே சிவப்பு ஒளிர்வு வரும், அது கிருமிகளின் போர்ஃபைரின் என்ற நிறமி. தெரியாதவர் அதையும் நோய் என்று குறித்துவிடுவார்.

டார்ச்லைட்:
நான் சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கித்தாக்காடு:
இல்லை அண்ணே, முதல் சில மாதங்களின் வேலையே இதுதான். சாயம் கருவியைக் கொல்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வி. ஆளே வேண்டாம், போலித் திசு போதும்.

ஜெலட்டின் வேண்டாம். நம் வெயிலில் இளகிவிடும், 405ல் தானும் ஒளிரும். 1.5 விழுக்காடு அகார் (கடல்பாசிக் கூழ்) கொதிக்கவைத்து, ஒளியைச் சிதறடிக்க டைட்டானியம் டைஆக்சைடு, உறிஞ்சுவதற்கு இந்திய மை, பச்சை ஒளிர்வுக்கு ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) கலந்து தட்டில் ஊற்ற வேண்டும். ஒன்றும் கலக்காத வெறும் அகார்த் தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு அரைத்து வடிகட்டிய சாற்றை மூன்று அடர்த்தியில் மேலே பூசிப் படமெடுக்கலாம். ரைபோஃப்ளேவின் நீல ஒளியிலேயே சிதையும். ஒரே தட்டைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தால் மங்கிக்கொண்டே போகும். மங்கியது சாயத்தால் என்று தப்பாக எழுதிவிடுவோம். அதனால் ஒரு படத்துக்கு ஒரு தட்டு.

கைப்பேசியில் வெளிச்ச அளவு, வெள்ளைச் சமநிலை, ஐஎஸ்ஓ எல்லாவற்றையும் பூட்ட வேண்டும். தானியங்கியாக விட்டால் கருப்பைப் பார்த்ததும் அது தானே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். எல்இடி சூடானால் ஒளி குறையும், எனவே ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒளிர் அட்டை ஓரத்தில் இருக்க வேண்டும்.

பல்நாற்காலி:
இது சரியான வேலை. ஆளிடம் போகும்போது ஜன்னலுக்குக் கருப்புத் துணியும் வாங்குங்கள், பகல் வெளிச்சத்தில் இந்த ஒளிர்வு அடிபட்டுப்போகும். மூச்சுக்காற்று பட்டுக் கண்ணாடியும் மங்கும்.

டார்ச்லைட்:
அப்படியானால் பட்ஜெட்டை வையுங்கள். கருவி வாங்கவே முக்கால்வாசி போகும் என்றால் நான் சம்மதிக்கமாட்டேன். பணம் தீர்ந்த பிறகு பெட்டி அலமாரியில் கிடக்கும்.

கித்தாக்காடு:
உதவியாளர் சம்பளம் 8 மாதம், மாதம் 2,800: 22,400. எல்இடி, பில்டர், இரண்டு கைப்பேசி: 7,000. ஆட்களின் போக்குவரத்தும் இழந்த நாள் கூலியும்: 8,000. அகார், ஒருமுறை மட்டும் பயன்படும் கருவி உறை போன்றவை: 3,000. பயாப்சியை (சதைத் துணுக்குச் சோதனை) இரண்டாவது நிபுணர் பார்க்கவும் புள்ளியியலுக்கும்: 6,000. மீதி 3,600 கைக்காவல். மிஷினைவிட ஆளுக்கே அதிகம்.

டார்ச்லைட்:
பங்கீடு நன்று. ஆனால் என்எம்ஆர்ஆர் (தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு, நெறிமுறைக் குழு ஒப்புதல் என்று மூன்று நான்கு மாதம் எளிதாக ஓடிவிடும். மிச்ச நாளில் உறுதியான புண் 20 கிடைத்தாலே பெரிது. அதில் 18ஐக் கருவி பிடித்தால் 90 விழுக்காடு என்று விளம்பரம் வரும்; 20 புண்தான் என்பதால் உண்மையான விழுக்காடு 68லிருந்து 99 வரை எங்கும் இருக்கலாம். ‘நோயைக் கண்டுபிடிக்கும்’ என்ற சொல்லே விண்ணப்பத்தில் வரக்கூடாது. ‘சாயம் தடையா’ என்று மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். சந்தேகம் வந்தவருக்கு எத்தனை நாளில் பயாப்சி என்று மருத்துவமனைத் துறையின் கடிதம் முதலிலேயே கையில் இருக்க வேண்டும். கண்டுபிடித்துவிட்டுக் கைகழுவுவது கண்டுபிடிக்காததைவிடக் கொடுமை.

கித்தாக்காடு:
அந்தக் கடிதம் இல்லாமல் ஒருவர் வாயிலும் விளக்கு வைக்கமாட்டோம், அதை நிபந்தனையாகவே எழுதுகிறேன். ஒப்புதலுக்குக் காத்திருக்கும் அந்த நான்கு மாதமும் அகார்த் தட்டுக்கே. மிகத் திக்கான சாற்றிலும் அடியில் உள்ள பச்சையைப் பிரித்தறிய முடியவில்லை என்றால், 8,000 வெள்ளிக் கூலிப் பணத்தைத் தொடாமல் அங்கேயே நிறுத்திவிடலாம்.

பல்நாற்காலி:
சாறு அரைக்கும்போது புகையிலை சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று. இங்கே இரண்டு விதமாகவும் போடுகிறார்கள்.